"சரியாகிவிட்டது" என்றால் போதுமா?

ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன் மென்பொருளைப் பற்றி நம் சங்க மலரில் எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நான் டிப்ளமா படித்த நாளில் எங்கள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் என்ற பெயரில் ஒரு பெட்டிகூட இருந்ததில்லை. அப்பிரண்டிஸாகச் சேர்ந்து, சிக்னல் இன்ஸ்பெக்டராகி, சீனியர் செக்‌ஷன் இன்ஜினீயராக ஓய்வு பெற்று, இப்போது ரயிலே வராத கொள்ளேகாலில் குடியிருக்கிறேன். (ரயில்வேக்காரர் ரயில் இல்லாத ஊரில் வீடு கட்டியதை என் துணைவியார் இன்றும் சொல்லிக் காட்டுவார்.) ஆனால் பழுது என்பது எனக்கு நன்கு பழக்கப்பட்ட விஷயம். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்ததே பழுது பார்ப்பதற்காகத்தான். நம் வீடுகளிலிருந்து மைசூருக்கும் பெங்களூருக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் மென்பொருள் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். புதிதாக எழுதும் நேரத்தைவிட, எழுதியது ஏன் ஓடவில்லை என்று தேடும் நேரமே அதிகம் என்பார்கள். ஆக, அவர்களும் நானும் ஒரே தொழிலாளிகள்தாம். அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்ல விரும்புகிறேன்.

எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சிக்னல் பழுதுகளைப் பதியும் ரிஜிஸ்டர் ஒன்று இருக்கும். பழுது எத்தனை மணிக்குத் தெரிந்தது, யாருக்கு எப்போது சொல்லப்பட்டது, எத்தனை மணிக்குச் சரியானது, காரணம் என்ன என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். முதல் மூன்றையும் எல்லோரும் ஒழுங்காக எழுதிவிடுவார்கள். வண்டி எத்தனை நிமிடம் நின்றது என்று மேலிடத்திலிருந்து கேள்வி வருமே என்ற பயம். நான்காவது கட்டத்தில்தான் கை சுருங்கும். "வந்து பார்த்தபோது சரியாக இருந்தது." என் சர்வீஸில் இந்த ஒரு வாக்கியத்தைப் படித்த அளவுக்கு வேறெதையும் படித்ததில்லை.

ஒரு சிறிய ஸ்டேஷன், பெயர் வேண்டாம். அங்கே ஒரு லைனில் வண்டியே இல்லாதபோதும் வண்டி நிற்பதாகப் பேனல் சிவப்பு விளக்கைக் காட்டும். தண்டவாளத்தில் சிறிதளவு மின்சாரத்தை ஓடவிட்டு, அது மறுமுனையில் ஒரு ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும்படி செய்வதற்கு ட்ராக் சர்க்யூட் என்று பெயர். வண்டி வந்தால் சக்கரங்களின் வழியே மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும், ரிலே விழும், லைனில் வண்டி இருக்கிறது என்று தெரியும். வண்டி இல்லாமலே ரிலே விழுந்தால் விபத்து நேராது. ஆனால் சிக்னல் கொடுக்க முடியாது, வருகிற வண்டி வெளியே காத்துக் கிடக்கும். இந்தப் பழுதுக்கு ஒருவர் வந்து ரிலேயை மாற்றினார். அடுத்தவர் பேட்டரியை மாற்றினார். மூன்றாமவர் தண்டவாள மூட்டின் இன்சுலேஷனை மாற்றினார். மூவரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒவ்வொருவரும் மாற்றி முடித்தபோது சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை.

நான் போனபோது கருவிப் பையைத் திறக்கவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து, ஆறு மாதப் பதிவுகளை ஒரு தனித்தாளில் நேரவாரியாக எழுதினேன். ஒன்று விடாமல் மாலை ஆறேகாலிலிருந்து ஏழுக்குள்! அந்த நேரத்தில் இங்கே என்ன நடக்கும் என்று போர்ட்டரைக் கேட்டேன். "பாசஞ்சர் நின்னு தண்ணி புடிக்கும் சார்" என்றார். குழாய் வழிந்து, மண் ஏறிப்போன ஜல்லியெல்லாம் ஊறிவிடும். ஊறிய ஜல்லியின் வழியே மின்சாரம் கசிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். அப்போதுதான் எங்கள் ஆட்கள் வந்து சேர்வார்கள். வடிகால் வெட்டி, ஜல்லியைச் சலித்துப் போட்டு, குழாயின் வாஷரையும் மாற்றியதோடு அந்தப் பழுது ஒழிந்தது. காரணக் கட்டம் காலியாக இருந்தபோதிலும் நேரக் கட்டத்தை யாரோ ஒழுங்காக எழுதியிருந்தார்கள். கண்டுபிடித்த பெருமை அவர்களுக்கே சேரும்.

மென்பொருள் உலகிலும் இதே காரணக் கட்டம்தான் காலியாகக் கிடக்கிறது. ஒரு பையன் எழுதிய நிரல் ஓடவில்லை. முகம் தெரியாத சக தொழிலாளர்களிடம் கேட்கிறான். எங்கேயோ போலந்திலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒருவர், தங்கள் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். மூன்று நாள் கழித்துப் பையன், "சரியாகிவிட்டது, நன்றி" என்று இரண்டு சொல் எழுதிவிட்டுப் போய்விடுகிறான். எப்படிச் சரியானது? அது அவனோடு போயிற்று. அடுத்த வருஷம் அதே பழுதில் சிக்குகிற இன்னொருவன் ஆவலோடு அந்தக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறான்.

கேட்கும் விதமும் அப்படித்தான். "ஓடவில்லை, அவசரம், உதவுங்கள்." நள்ளிரவில் போனை எடுத்தால் "சிக்னல் ஃபெயில் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த சிக்னல், எந்த விளக்கு, எந்த வண்டி போனபிறகு என்று நாம்தான் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்க வேண்டும். புட்டி என்ற புகழ்பெற்ற கருவியை எழுதிய சைமன் டாதம் என்ற ஆங்கிலேயர், பழுதை எப்படிச் சொல்வது என்பதற்காகவே 1999-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நீ என்ன செய்தாய், என்ன நடந்தது என்பதை அப்படியே சொல். இதுதான் காரணமாக இருக்கும் என்ற உன் ஊகத்தை அதோடு கலந்துவிடாதே என்பது அதன் சாரம். என் மருமகள் அதை எனக்குப் படித்துக் காட்டியபோது, இதை எங்கள் டிரெயினிங் ஸ்கூலிலும் பாடமாக வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

இதெல்லாம் மென்பொருள்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்காக, இந்தத் தை மாதத்தில் நம்மிடையே நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் விழாவை நாம் எப்போதும் தை மாதக் கடைசியில் வைப்பது வழக்கம். அழைப்பிதழ் மைசூர், நஞ்சன்கூடு, சாமராஜநகர், குண்டுலுபேட்டை, எளந்தூர், ஹனூர் என்று எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கொள்ளேகாலில் மட்டும் பாதிக் குடும்பங்களுக்கு மேல் வரவில்லை. கிடைக்கப் பெற்றவர்கள் யாரென்று பார்த்தால், கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் சங்கத்தில் சேர்ந்த புதியவர்கள். கிடைக்காதவர்களில் பலர், 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தத் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து மைசூர் மாநிலத்தோடு சேர்வதற்கு முன்பிருந்தே இங்கே பட்டுத் தறியும் பட்டு வியாபாரமுமாக இருக்கும் குடும்பத்தினர். நம்மைப்போல் அவர்கள் பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள்கூட இல்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. சங்கத்துக்கு முதல் சந்தா கட்டியவர்களும் அவர்களே.

பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "மைசூர்க்காரர்கள் கொள்ளேகால்காரர்களை ஓரங்கட்டுகிறார்கள்" என்றார்கள். "புதுசா வந்தவங்களுக்குத்தான் மரியாதை" என்றார்கள். எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் நம் செயலாளரைக் கடைவீதியில் நிறுத்தி, "ஏன் தம்பி, நாங்கல்லாம் செத்துட்டோம்னு எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டேவிட்டார். செயலாளர் ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டார். கணினியில் பட்டியலைப் பிரித்துக் கொடுத்த கல்லூரி மாணவனை ஆளாளுக்குத் திட்டினார்கள். முப்பது ஆண்டுச் சங்கம் இரண்டாகப் போகும் நிலை வந்துவிட்டது என்றால் மிகையாகாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டியலைத் திறந்து பார்த்தால் எல்லார் பெயரும் இருக்கிறது. ஊர் என்ற கட்டத்தில் "கொள்ளேகால்" என்று கண்ணெதிரே நிற்கிறது. தேடச் சொன்னால் மட்டும் 41 குடும்பங்களில் 17-ஐத்தான் கணினி காட்டுகிறது. எழுத்துருவை மாற்றுங்கள் என்றார் ஒருவர். பேருக்குப் பின்னால் காலி இடம் இருக்கும், அதை அழியுங்கள் என்றார் இன்னொருவர். பட்டியலையே புதிதாக அடித்துவிடலாம் என்றார் மூன்றாமவர். ரிலே, பேட்டரி, இன்சுலேஷன்!

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகளிடம், "எந்த ஊரெல்லாம் ஒழுங்கா வருது, எது வரலைன்னு முதல்ல ஒரு தாள்ல எழுதும்மா" என்றேன். எழுதினாள். மைசூர் வருகிறது, நஞ்சன்கூடு வருகிறது, சாமராஜநகர் வருகிறது, எல்லாமே வருகின்றன. கொள்ளேகால் மட்டும் பாதி. சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, இது ஊர்ப் பிரச்சினை இல்ல, கொ-வில ஏதோ இருக்கு" என்றாள். அப்படியானால் சோதித்துவிடலாம். மைசூரில் கோகுலம் என்று ஒரு பகுதி இருக்கிறதல்லவா? முகவரிக் கட்டத்தில் "கோகுலம்" என்று தேடினோம். அங்கேயும் பழைய உறுப்பினர்களைக் காணோம்! ஜெயலட்சுமிபுரத்தில் எல்லோரும் இருந்தார்கள். கொள்ளேகால்காரர்கள் மேல் யாருக்கும் பகையில்லை என்பது அந்த நிமிடத்தில் தெரிந்துபோயிற்று. அவள் பைத்தான் மொழியில் நாலு வரி எழுதி, ஒவ்வொரு பெயரும் கணினிக்குள் எப்படிப் பதிந்திருக்கிறது என்று எண்களாகக் காட்டச் செய்தாள். "பாருங்க மாமா, கண்ணுக்கு ஒண்ணாத் தெரியுது, உள்ளே வேற வேற."

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும் என்பதை நாம் அறிவோம். யூனிகோடு என்ற உலகப் பொது முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. அதில் க-வுக்கு 2965 என்று எண். "கொ" எழுத, க-வை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியாக 3018 என்ற எண்ணில் வைக்கலாம். அல்லது கொம்பை 3014 என்றும் காலை 3006 என்றும் இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. "கொள்ளேகால்" என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒரு வழியில் பத்து எண்கள், மறு வழியில் பதினொன்று. பத்தைத் தேடச் சொன்னால் பதினொன்றை அது எப்படிக் காட்டும்? ஒ, ஓ, ஔ ஆகிய மூன்றின் குறிகளுக்குத்தான் இந்த இரட்டை வாழ்க்கை. மைசூரிலும் நஞ்சன்கூட்டிலும் அவை இல்லாததால் தப்பித்தன.

ஏன் பழைய குடும்பங்கள் மட்டும்? அவர்கள் பெயர்கள் 1990-களில் ஒரு பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. தட்டச்சு இயந்திரத்தைப்போல முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று அடிக்கும் முறை. பின்னாளில் யாரோ அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டெடுத்திருக்கிறார்கள். கருவி கொம்பைத் தூக்கிக் க-வுக்குப் பின்னால் வைத்ததோடு நிறுத்திக்கொண்டது; கொம்பையும் காலையும் ஒன்றாக இணைக்கவில்லை. புதியவர்கள் பெயர்கள் கைபேசியில் அடிக்கப்பட்டவை. இணைந்த ஒரே குறியாக வந்தன. உண்மையில் யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். தேடும் மென்பொருள்தான் அதை மதித்திருக்க வேண்டும். பல மென்பொருள்கள் மதிப்பதில்லை. மருந்து ஒரே வரி. பைத்தானில் நார்மலைஸ் என்ற கட்டளையை என்.எஃப்.சி. என்ற முறையில் ஓடவிட்டால், பிரிந்து கிடப்பதெல்லாம் இணைந்துவிடும். பத்து நிமிடத்தில் 41 குடும்பமும் வந்துவிட்டன.

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு செயலாளரும் நானும் அந்தப் பெரியவர் வீட்டுக்கு நேரில் போனோம். கொம்புக் கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்போ கம்ப்யூட்டருக்குத்தான் கொம்பு முளைச்சிருக்கு, தம்பிக்கு இல்லேன்னு சொல்லுங்க" என்றார். செயலாளர் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விழாவும் நடந்தது.

என் வருத்தம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் இதைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். "உறுப்பினர் பட்டியலில் ஏற்பட்ட கோளாறு சரிசெய்யப்பட்டது." அவ்வளவே! மருமகளிடம், இதை முழுசாகத் தமிழில் எழுதிப் பொதுவில் வையேன் என்றேன். "இதெல்லாம் இங்கிலீஷ்ல ஏற்கெனவே இருக்கு மாமா" என்றாள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "பட்டியலில் பெயர் இருக்கிறது, தேடினால் வரவில்லை" என்று தவிக்கிற ஒரு சங்கச் செயலாளருக்கு, அதன் ஆங்கிலப் பெயர் என்னவென்று எப்படித் தெரியும்? பெயர் தெரிந்தவனுக்குத்தானே அகராதி உதவும்? மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் நம்மைப்போல எத்தனை சங்கங்கள், நூலகங்கள், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களை வைத்துக்கொண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கெல்லாம் யாரோ ஒரு கோபாலும் ஒரு கோமதியும் காணாமல் போயிருப்பார்கள். அதற்குக் காரணம் பகை என்று ஒரு கதையும் உலவிக்கொண்டிருக்கும்.

நம் மொழியின் பழுதை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? ஒரு தலைமுறைக்கு முன்னால் இதை நன்றாகவே செய்திருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் நம்மைப்போல் வெளியே வாழ்ந்தவர்கள். 1990-களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனித்தனி ராஜ்யம். ஒருவர் அடித்த கடிதத்தை இன்னொருவர் திறந்தால் குப்பையாகத் தெரியும். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கி இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உழைத்தார். 1997-ல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. தமிழ்99 விசைப்பலகை சென்னையில் முடிவானது. இதற்கிடையே பல நாடுகளில் சிதறிக் கிடந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடி வாதாடித் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள்.

அதில் ஒரு பழுது எனக்கு மிகவும் பிடித்தது. திஸ்கியில் "இ" என்ற எழுத்துக்கு 173-ஆம் இடம். ஐரோப்பிய மொழிகளுக்கான முறையில் அதே 173 என்பது வரி முறியும்போது மட்டும் தோன்றி, மற்ற நேரத்தில் மறைந்திருக்கும் இணைகோடு. ஆகவே சில மென்பொருள்கள் "இ"யைக் கண்டதும், இது காட்ட வேண்டியதில்லை என்று விழுங்கிவிடும். "இந்தியா" என்று எழுதினால் "ந்தியா" ஆகிவிடும்! பிந்தைய திருத்தத்தில் "இ"க்கு 254 என்று இன்னோர் இடமும் கொடுத்தார்கள். இந்தச் சங்கதி இன்றைக்குக் கொள்ளேகாலில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறதென்றால், அன்று யாரோ காரணக் கட்டத்தை நிரப்பி வைத்ததால்தான். திஸ்கி வழக்கொழிந்துவிட்டது, தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய கோப்பைத் திறக்கிறவனுக்கு அந்தக் குறிப்பு இன்றும் பயன்படுகிறது. இப்போதும் முயற்சிகள் இல்லாமலில்லை. 2012-ல் தொடங்கிய கணியம், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது. இத்தனை பிள்ளைகள் இந்தத் தொழிலில் இருக்கும்போது அதுபோல் இன்னும் பத்து இருக்க வேண்டாமா என்பதுதான் என் ஆதங்கம்.

செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கேட்டால் எல்லாம் சொல்லுமே, எழுதி வைப்பானேன் என்று என் பேரன் வயதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நம் பழுதை மருமகள் முதலில் அதனிடம்தான் கேட்டாள். காலி இடத்தை அழி, எழுத்துருவை மாற்று, கோப்பை மறுபடி சேமி என்று மளமளவென்று மூன்று வைத்தியம் சொன்னது. எண்களைப் பார்த்தபிறகு "இரண்டு விதமாகப் பதிந்திருக்கிறது" என்று குறிப்பாகக் கேட்டதும், சரியான விடையை உடனே கொடுத்தது. கெட்டிக்கார உதவியாளன், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு அந்த விடை எங்கிருந்து கிடைத்தது? முன்னே யாரோ பொதுவில் எழுதி வைத்ததிலிருந்து. 2008-ல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உலக மென்பொருள்காரர்கள் கேட்டதும் சொன்னதும் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு அங்கே புதிய கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இப்போது கேள்வி கேட்பது அறைக்குள், விடை கிடைப்பதும் அறைக்குள். அடுத்தவனுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆங்கிலத்துக்குப் பழைய சேமிப்பு மலைபோல் இருக்கிறது, சில காலம் தாங்கும். தமிழில் அந்த மலை இன்னும் சேரவே இல்லையே!

அழைப்பிதழ் தவறியதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள், 2023 ஜூன் 2-ஆம் தேதியை நினைத்துப் பார்க்கட்டும். ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாஹாநகா பஜார் ஸ்டேஷனில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு வண்டி மேல் மோதி, 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்தில் நேர்ந்த தவறு என்று விசாரணை சொன்னது. அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ராநயாபாஜ் என்ற ஸ்டேஷனில் 2022 மே 16-ஆம் தேதி தவறான ஒயரிங்கினால் இதேபோன்ற சம்பவம் நடந்திருந்தது என்றும், அப்போதே நடவடிக்கை எடுத்திருந்தால் இது நேர்ந்திராது என்றும் அதே அறிக்கை கூறியது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓர் இடத்தில் தெரிந்த பழுது இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பழுதுகளிலேயே கொடிய பழுது அதுதான்.

போய்ச் சேர்ந்ததற்கும் உதாரணம் உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், வேறெதையோ சோதிக்கும்போது, தூரக் கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை வினாடி! விடாமல் துருவிப் பார்த்ததில், எக்ஸ்இஜட் என்ற சிறிய கருவிக்குள் யாரோ கள்ளத்தனமாகத் திருட்டு வாசல் ஒன்றை வைத்திருப்பது தெரிந்தது. உலகெங்கும் சர்வர்களில் பரவியிருக்க வேண்டியது. அவர் என்ன பார்த்தார், எந்தப் பதிப்பில் பார்த்தார், எப்படி அளந்தார் என்பதையெல்லாம் மார்ச் 29-ஆம் தேதி பகிரங்கமாக எழுதினார். மற்றவர்கள் உடனே தத்தம் இடத்தில் சரிபார்த்துக்கொண்டார்கள். நிரல்களைப் பொறுத்தவரை, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-லேயே செய்து கொடுத்துவிட்டார். சிக்னல் கருவியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆயிரம் மாற்றங்களில் எது பழுதைக் கொண்டுவந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துப் பத்தே சோதனையில் காட்டிவிடும். கேபிளில் எங்கே அறுந்திருக்கிறது என்று நடுப் பெட்டியைத் திறந்து பார்த்துப் பாதியை ஒதுக்கும் எங்கள் பழைய வித்தை அது. ஆனால் அந்தக் கருவியிலும் "என்ன மாற்றினேன், ஏன்" என்று எழுதும் இடத்தில் "சரிசெய்தேன்" என்று மட்டும் எழுதுகிறவர்கள் நிறைய என்று மருமகள் சொல்கிறாள். கருவி மாறினாலும் கை அதே கைதானே.

ஆகவே சங்க நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பெரிய செலவு இல்லை. நீளமான ஒரு ரூல் போட்ட நோட்டு வாங்குங்கள். கணினியிலோ கைபேசியிலோ தமிழ் சம்பந்தமாக நம் உறுப்பினர் யாருக்கு என்ன பழுது வந்தாலும், என்ன செய்தபோது வந்தது, எந்தக் கருவி, என்ன தெரிந்தது, கடைசியில் எதனால் என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். இதழுக்கு இரண்டு வீதம் நம் மலரில் வெளியிடுங்கள். மென்பொருள் தெரிந்த பிள்ளைகள் அதை எடுத்துப் பொதுவில் வைக்கட்டும்.

முதல் பதிவை நானே தருகிறேன். பெயர்க் கட்டத்தில் "கௌரி" என்று தேடினால், ஆறு பேரில் நான்கு பேர்தான் வருகிறார்கள். மீதி இருவர் பெயரில் ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக "ள" என்ற முழு எழுத்தே பதிந்திருக்கிறது. பழைய எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே வடிவம். மேலே சொன்ன ஒரு வரி மருந்து இதற்குப் பிடிக்கவில்லை. கொம்பை அடுத்து ள வருகிற இடத்தையெல்லாம் ஔகாரமாக்கிவிடலாம் என்றால், வெள்ளியங்கிரியும் வெள்ளையம்மாளும் கெட்டுப்போவார்கள். அந்த ள-வுக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று மருமகள் சொல்கிறாள். அப்படி மாற்றினாலும் கெட்டுப்போகக்கூடிய பெயர் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், பங்குனி முடிவதற்குள் சங்கத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். அதுவரை நோட்டில் அந்த நான்காவது கட்டத்தைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன்.